கேப்ஸ் லாக் அத்தை

செமஸ்டர் முடிஞ்சாச்சு, காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி எழுதினேன்னு யாரும் கேக்காதீங்க. இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். ஆனா இது என்னோட கொசுவத்தி இல்ல. நான் பொறந்த காலத்துல எங்க வீட்டுல நடந்தது. அதனால எங்கயாவது அளந்து விடுறேன்னு தோணினா, ஆதாரம் என் கையில இருக்கு. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு.

2025 செப்டம்பர் 30ஆம் தேதியோட அமெரிக்காவுல ஏ.ஓ.எல். கம்பெனி தன்னோட டயல்-அப் இன்டர்நெட்டை நிறுத்திடுச்சு. அந்தச் செய்தியை அப்பாகிட்ட காட்டினப்ப, "இன்னுமா வெச்சிருந்தானுங்க?"ன்னு கேட்டுட்டு, உடனே வாயாலயே மோடம் சத்தம் போட ஆரம்பிச்சிட்டார். முதல்ல டயல் டோன், அப்புறம் டிக் டிக்குனு நம்பர், அப்புறம் ஒரு நீள பீஈஈ, கடைசியில ஷ்ஷ்ஷ்ஷ். அம்மா சமையல்கட்டுல இருந்து, "கனெக்ட் ஆச்சா, இல்ல கேப்ஸ் லாக்கா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

எங்க வீட்டுல 'கேப்ஸ் லாக்'னா அது கீபோர்டுல இருக்குற பட்டன் இல்ல. அது எங்க அத்தை. அப்பாவோட ஒரே தங்கச்சி. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டியில இருக்காங்க, அங்க சிப்காட்டுல ஒரு தொழிற்சாலையில கணக்குப் பாக்குறாங்க. நான் பி.காம். சேந்ததே அவங்களப் பாத்துதான். சின்னப் பிள்ளையில அவங்க வீட்டுக்கு வந்தா, "கேப்ஸ் லாக் அத்தை வந்துட்டாங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடுவேன். அர்த்தம் தெரியாது. பெரியவங்க கூப்பிட்டாங்க, நானும் கூப்பிட்டேன்.

கதை இதுதான். 2004 நவம்பர். அத்தை பி.காம். முடிச்சு ஆறு மாசம். கிண்டியில ஒரு கம்பெனியில வேலைக்கு எழுதிப் போட்டு, போன்ல பேசி, "நேர்முகத் தேர்வு எங்க, எத்தன மணிக்குன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள மெயில் வரும்"னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டு கம்ப்யூட்டர்ல லாகின் ஆகல. மறுபடி மறுபடி 'பாஸ்வேர்டைச் சரி பாருங்கள்'னு வந்துக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் காலையில 7.40க்கு அதே பாஸ்வேர்ட், முதல் தடவையே உள்ள போயிடுச்சு. மெயில் இருந்துச்சு. காலை 9 மணிக்கு கிண்டியில இருக்கணும்.

எங்க ஊர் தெரியாதவங்களுக்கு: வள்ளூர்ங்குறது மீஞ்சூர் பக்கம், அத்திப்பட்டுக்கு அடுத்தது. இப்ப 1500 மெகாவாட் அனல் மின் நிலையத்தை வெச்சு ஊர் பேர் வெளிய தெரியுது. 2004ல அது கிடையாது. உப்பளம், வயல், எண்ணூர் பக்கம் போற லாரிங்க, அவ்வளவுதான். இங்க இருந்து ஸ்டேஷனுக்குப் போய், கும்மிடிப்பூண்டி வண்டியைப் புடிச்சு, பீச்சுல எறங்கி, தாம்பரம் வண்டி மாறி, கிண்டி. வண்டி உடனே கெடச்சாலே ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அதுவும் மழையில. அத்தை போகவே இல்ல.

அன்னிக்குக் காலையில வீட்டுல ஒரு தீர்ப்பு எழுதினாங்க. "ராத்திரி கேப்ஸ் லாக் ஆன்ல இருந்திருக்கு. இவதான் தட்டி விட்டுருப்பா. கைக்கு வந்த வேலையைத் தானே கெடுத்துக்கிட்டா." தாத்தா சொன்னாரா அப்பா சொன்னாரான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா பேர் நிலைச்சுப் போச்சு.

போன போகிக்குப் பரணை ஒழிச்சப்ப ஒரு அட்டைப்பெட்டி கெடச்சுது. உள்ள ஒரு 56கே மோடம் கார்டு, சுருட்டி வெச்ச டெலிபோன் ஒயர், விண்டோஸ் 98 சி.டி., அப்புறம் அந்த நோட்டு. அப்பா அந்தக் காலத்துல மீஞ்சூர்ல ஒரு லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதிக்கிட்டிருந்தார். ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டா வாங்கின கம்ப்யூட்டருக்கும் ட்ரிப் ஷீட் மாதிரியே ஒண்ணு போட்டிருக்கார். தேதி, ஏறின நேரம், எறங்கின நேரம், ஸ்பீடு, எர்ரர் நம்பர், குறிப்பு. குறிப்புல பாதி 'மழை'. மீதி 'லைன் கொரகொர'.

ஏன் இவ்வளவு கணக்குன்னா, டயல்-அப்ல ரெண்டு மீட்டர் ஓடும். இன்டர்நெட் கம்பெனிகிட்ட மணிக்கணக்குல பாக்கெட் வாங்கணும், அது ஒரு பக்கம் குறையும். போன் கால் சார்ஜ் இன்னொரு பக்கம் ஏறும். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல இன்டர்நெட் போட்டா வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது, லைன் எங்கேஜ்டு. மொபைல்ல ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தீந்துபோச்சுன்னு அழுற நமக்கு இதெல்லாம் புரியாது.

நோட்டைப் படிக்கணும்னா டயல்-அப் எப்படி வேலை செஞ்சுதுன்னு கொஞ்சம் தெரியணும். ஒரு வாரம் உக்காந்து படிச்சேன். (காஸ்ட் அக்கவுண்டிங் ஏன் அப்படி ஆச்சுன்னு இப்பப் புரியுதா?)

டெலிபோன் லைன் மனுஷக் குரலுக்காகப் போட்டது. 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதுல போகும். கம்ப்யூட்டரோட தகவலை அந்தக் குரல் அளவுக்குள்ள சத்தமா மாத்தி அனுப்புறதும், வர்ற சத்தத்தைத் திருப்பித் தகவலா மாத்துறதும்தான் மோடம். பட்டனை அழுத்தினா முதல்ல டயல் டோன் இருக்கான்னு கேக்கும். இல்லன்னா எர்ரர் 680. அப்ப கோளாறு நம்ம வீட்டு ஒயர்ல, இல்ல பக்கத்து ரூம்ல யாரோ ரிசீவரைச் சரியா வெக்கல. டோன் இருந்தா நம்பர் போடும். அந்தப் பக்கம் எங்கேஜ்டுன்னா 676, கம்பெனியில இருக்குற மோடம் எல்லாத்தையும் ஊர்க்காரங்க புடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். மணி அடிச்சும் எடுக்கலன்னா 678. எடுத்துட்டா 2100 ஹெர்ட்ஸ்ல ஒரு நீள பீஈஈ வரும். 'நான் மனுஷன் இல்ல, மோடம்'னு சொல்ற சத்தம் அது. அதுக்கப்புறம் வர்ற கர்ர் கிர்ர் ஷ்ஷ் எல்லாம், லைன் எவ்வளவு தாங்கும்னு ரெண்டு மோடமும் அளந்து பாத்து ஸ்பீடு பேசி முடிக்கிற சத்தம். பேரு 56கே தான். எங்கப்பா நோட்டுல வெயில் நாள்ல 45.3, மழை நாள்ல 28.8, ஒரு தடவ 26.4. உப்புக்காத்துல செம்புக் கம்பி பச்சை பூத்துப் போகும், இணைப்புல தண்ணி எறங்கினா இரைச்சல் வரும். இது எங்க ஊர் வாசி.

இது முடிஞ்சதும் மோடம் வாயை மூடிக்கும். அப்புறம் நடக்குறது எல்லாம் சத்தமில்லாம. திரையில 'பயனர் பெயர், பாஸ்வேர்ட் சரிபார்க்கப்படுகிறது'ன்னு வரும். தப்புன்னா 691.

இங்கதான் விஷயமே. 680 வந்தா ஒயரைத் திட்டலாம். 676 வந்தா ஊரைத் திட்டலாம். 691 வர்றப்ப ஒயர் சரி, மோடம் சரி, லைன் கெடச்சாச்சு, ஸ்பீடு பேசியாச்சு. திட்டுறதுக்கு மிச்சம் இருக்குறது கீபோர்டு முன்னாடி உக்காந்திருக்குற ஆள்தான்.

சரி, நோட்டுக்கு வருவோம். அந்தப் பக்கத்தை அப்படியே தர்றேன், அப்பா கையெழுத்துல இருக்குற மாதிரி:

17-11-2004, புதன். மழை. இரவு 9.05 கனெக்ட், 28.8. 9.11 கட், 629. 9.14, 691. 9.17, 691. 9.22 மெதுவா டைப், 691. 9.30 ஆஃப் பண்ணி ஆன், 691. 9.41, 676. 9.44, 691. 10.05, 691. விட்டாச்சு.
18-11-2004. காலை 7.40 கனெக்ட், 31.2.

நான் முதல் தடவ படிச்சப்ப ஒண்ணும் தோணல. ரெண்டாவது தடவ 9.05 கண்ணுல பட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி லாகின் ஆகவே இல்லன்னுதான் இத்தன வருஷமா சொன்னாங்க. ஆகியிருக்கு! ஆறு நிமிஷம் உள்ள இருந்திருக்காங்க. 629ங்குறது 'நீங்கள் துண்டிக்கப்பட்டீர்கள்'. மழையில லைன் அறுந்திருக்கு. அதுக்கு மூணு நிமிஷம் கழிச்சு அதே பாஸ்வேர்ட் தப்பாம்.

சரி, நடுவுல கேப்ஸ் லாக் பட்டிருக்கலாம்ல? படலாம். ஆனா 9.30ஐப் பாருங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கார். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா கேப்ஸ் லாக் தானா அணைஞ்சுடும். அதுக்கப்புறமும் 691. அதாவது எங்க வீட்டுத் தீர்ப்புக்கு எதிரான சாட்சியை, தீர்ப்பு சொன்னவரே தன் கையால எழுதி வெச்சிருக்கார். இருபது வருஷத்துக்கு மேல அது பரண்ல கெடந்திருக்கு.

அப்ப வேற என்ன? இங்கதான் என் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செஞ்சுது :-)

நாம டயல் பண்ணிச் சேர்ற கம்ப்யூட்டர்கிட்ட பாஸ்வேர்ட் பட்டியல் இருக்காது. அது உள்ள இருக்குற இன்னொரு கம்ப்யூட்டரைக் கேக்கும். அந்தக் கேள்வி பதிலுக்கு ரேடியஸ்னு பேரு. பேரைச் சரிபார்க்குறதுக்கு ஆர்.எஃப்.சி. 2865ன்னு ஒரு ஆவணம், 2000 ஜூன்ல வந்தது. அதே மாசம் 2866ன்னு இன்னொண்ணு. அதோட தலைப்பே 'ரேடியஸ் அக்கவுண்டிங்'. (பாத்ததும் எனக்குப் பழகின ஆளைப் பாத்த மாதிரி இருந்துச்சு.) நீங்க உள்ள போனதும் 'தொடக்கம்'னு ஒரு குறிப்பு போகும். வெளிய வந்ததும் 'முடிவு'ன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது உங்க கணக்குல கழியும். நம்ம பேரேடு மாதிரிதான், பற்று வெச்சா வரவு வெச்சு முடிக்கணும்.

அந்த 'முடிவு'க் குறிப்பு போகலன்னா? லைன் திடீர்னு அறுந்து அந்தப் பக்கத்து மோடம் அதைக் கவனிக்காம இருந்தாலும் சரி, குறிப்பு வழியில தொலைஞ்சாலும் சரி, கணக்கு திறந்தபடியே நிக்கும். (இந்தக் குறிப்புங்க போற முறை சாதா தபால் மாதிரி. பதில் வரலன்னா திருப்பி அனுப்பிப் பாக்கும், ஆனா சேரும்னு உறுதி இல்ல.) கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்க. ஒரு பேர்ல ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம்னு விதி வெச்சிருந்தா, நீங்க திருப்பி வந்து கதவைத் தட்டுறப்ப, 'அந்த ஆள் ஏற்கெனவே உள்ள இருக்காரே, நீ யாரு?'ன்னு மறுப்பு வரும். பாஸ்வேர்ட் தப்புன்னாலும் மறுப்பு, பாக்கெட் தீந்தாலும் மறுப்பு, ஏற்கெனவே உள்ள இருந்தாலும் மறுப்பு. எல்லாத்துக்கும் நம்ம வீட்டுத் திரையில ஒரே நம்பர், 691. ஒரே வாசகம், பாஸ்வேர்டைச் சரி பாருங்கள்.

இது சும்மா என் யூகம்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் என்னை நானே கேட்டேன். அதனால நோட்டை முதல் பக்கத்துல இருந்து எடுத்து, பேங்க் ரீகன்சிலியேஷன் போடுற மாதிரி உக்காந்தேன். மொத்தம் 14 தடவ 629 வந்திருக்கு. அதுல 5 தடவ உடனே பின்னாடியே 691 வந்திருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா சரியாயிருக்கு. அந்த அஞ்சுல மூணு தடவ உக்காந்திருந்தது அப்பா மட்டும்தான், அத்தை வீட்டுலயே இல்ல. 629 இல்லாம 691 மட்டும் வந்தது மொத்த நோட்டுலயும் ஒரே தடவ, 2005 பிப்ரவரியில, பாக்கெட் காலாவதி ஆனப்ப.

அதைவிடப் பெருசு ஞாயித்துக்கிழமைக் கணக்கு. வாராவாரம் ஞாயிறு கம்பெனி தளத்துல எவ்வளவு மணி மீதின்னு பாத்து, தன்னோட கணக்கு பக்கத்துல எழுதுவார். 21-11-2004ல அப்பா கணக்குப்படி மீதி 38 மணி 20 நிமிஷம். கம்பெனி காட்டினது 36 மணி 30 நிமிஷம். ஒரு மணி அம்பது நிமிஷம் குறையுது. பக்கத்துல பெருசா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கார். அந்த வாரத்துல லைன் அறுந்தது அந்த ஒரு புதன்கிழமை மட்டும்தான். 9.05க்கு உள்ள போனவங்க 9.11க்கு வெளிய வந்ததா அப்பா எழுதின ஆறு நிமிஷத்தோட இந்த 110 நிமிஷத்தைச் சேத்தா 116. அதாவது ராத்திரி 11.01 வரைக்கும் எங்க வீட்டு ஆள் உள்ள இருந்ததா அங்க ஒரு பேரேடு சொல்லியிருக்கு. கடைசியா முயற்சி பண்ணது 10.05. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா கெடச்சிருக்கும். வேற யாராவது எங்க பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்தியிருந்தாலும் இதே குறைவு வரும், உண்மைதான். ஆனா அந்தத் திருடன் மழை பெஞ்சு எங்க லைன் அறுந்தா மட்டும் வருவானா?

1995 ஆகஸ்ட் 15ல வி.எஸ்.என்.எல். நாலு பெரிய நகரத்துல இன்டர்நெட் திறந்ததுல இருந்து, 1998 நவம்பர்ல சென்னைல இருந்த சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவையா வந்தது வரைக்கும் தேடித் தேடிப் படிச்சேன். அந்தக் காலத்துல டயல்-அப் வெச்சிருந்தவங்க வீட்டுல எல்லாம் இந்த 691க்கு யாராவது ஒருத்தர் திட்டு வாங்கியிருப்பாங்கன்னு தோணுது. தம்பியோ, வேலைக்காரம்மா பிள்ளையோ, அத்தையோ.

ராத்திரி பத்து மணிக்கு அத்தைக்குப் போன் போட்டேன். "இன்னாடா இந்நேரத்துல?"ன்னாங்க. தப்பா ஒண்ணும் இல்ல அத்தைன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொன்னேன். 629, ரேடியஸ், 110 நிமிஷம் எல்லாம். குறுக்க பேசாமக் கேட்டாங்க. முடிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.

"அது கேப்ஸ் லாக் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. கீபோர்டுல பச்ச லைட்டு எரியல. நான் பாத்தேன். அண்ணங்கிட்ட சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"நீ நவுருன்னாரு."

அப்புறம் என்னோட ரிசல்ட் எப்ப வரும்னு கேட்டாங்க. நான்தான் மறுபடி அந்தப் பேச்சை எடுத்து, "இனிமே உங்கள அப்படிக் கூப்பிட மாட்டேன் அத்தை"ன்னேன். "நீ சின்னப் புள்ளடா, உனக்கு இன்னா தெரியும்"னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பழகின சிரிப்பா இல்ல.

மறுநாள் ஞாயிறு. நோட்டையும் நான் போட்ட கணக்குத் தாளையும் அப்பா முன்னாடி வெச்சேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு, லாரி ஆபீஸ் பில்லை சரி பாக்குற மாதிரி ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சார். 110 நிமிஷத்துக்கு வந்ததும் மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "பாத்தியா! அப்பவே சொன்னேன், ரெண்டு மணி நேரம் எங்கயோ போச்சுன்னு! கணக்கு என்னுது கரெக்ட்டு!"

"கணக்கு கரெக்ட்டுப்பா. அந்த 9.30 வரியைப் படிங்க."

படிச்சார். திருப்பிப் படிச்சார். மேல 9.05க்குப் போனார், கீழ வந்தார். பேனாவை எடுத்து அந்தக் கேள்விக்குறி மேல வெச்சவர் ஒண்ணும் எழுதாம மூடிட்டார். அம்மா காபி கொண்டாந்து வெச்சாங்க, ஆறிப்போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு வாசப்படியில உக்காந்து போன் பேசுற சத்தம் கேட்டுச்சு. "அங்க மழையா?"ன்னு கேட்டார். ஜனவரி மாசம், வெளிய நல்ல வெயில்.